மூட்டத்தில் வைத்த கை

ஒரு சாக்கு மூட்டை. அதைச் சுற்றி வைக்கோல். மேலே பாரத்துக்கு அம்மிக்குழவியும் உடைந்த திருகைக்கல்லும். நாற்றுவிடும் நாளில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தின் இருட்டு மூலையில் இப்படி ஒன்று கிடக்கும். விதைநெல்லை ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, முளைகட்ட வைத்திருப்பது. மூட்டம் என்போம். மூட்டம் போட்டிருக்கும் நாட்களில் பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடி விளையாடக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சி படுத்திருக்கும் அறையைக் கடப்பதுபோல அடிமேல் அடிவைத்துத்தான் கடந்து போவோம்.

மறுநாள் விடியலில் அப்பாயி எழுந்ததும் முதல் வேலையாக அங்கே போவாள். கல்லை இறக்கி, வைக்கோலை விலக்கி, சாக்கின் வாயைத் தளர்த்தி, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். உள்ளே நெல் மூச்சுவிடும் சூடு. சூடு ஏறிப்போனால் முளை வெந்துவிடும். இறங்கிப்போனால் ஒன்றுபோல முளைக்காது. சில நாள் ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளிப்பாள், சில நாள் மூட்டையைப் புரட்டிப் போடச் சொல்வாள். கையை வெளியே எடுத்து, விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் நெல்லைப் பார்த்துவிட்டு ஒரு சொல் சொல்வாள். ஒரே சொல். அது வந்துவிட்டால் அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கக் கிளம்பிவிடுவார். வராவிட்டால் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்.

அந்தச் சொல் எனக்கு மறந்துவிட்டது.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனம். ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று ரேடியோவில் சொன்னால், அது கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, மூணாறு தலைப்பில் பிரிந்து எங்கள் கண்ணாற்றுக்கு வந்துசேர இத்தனை நாள் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு கணக்கு உண்டு. எங்களுக்கு ஒன்பது மா நிலம். மூன்று ஏக்கர் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. கிரயப் பத்திரத்தில் ஏக்கர் வந்த பிறகும் அவர் வாயில் மா போகவில்லை.

நான் கோவையில் வேளாண்மை படித்து, பிறகு விதை சோதிப்பதையே வேலையாகக் கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆய்வகத்தில் இருந்தேன். ஒரு மாதிரியிலிருந்து 400 விதைகளை எண்ணி எடுத்து, நூறு நூறாகப் பிரித்து, ஈரத்தாளில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி, முளைப்பறையில் வைக்க வேண்டும். நெல்லுக்கு 14ஆம் நாள் கடைசி எண்ணிக்கை. இயல்பான நாற்று, இயல்பற்ற நாற்று, முளைக்காத விதை, செத்த விதை என்று தனித்தனியாக எண்ணிப் பதிவேட்டில் எழுதுவோம். முளைப்புத்திறன் நூற்றுக்கு 80க்குக் குறையக்கூடாது. புறத்தூய்மை 98. ஈரப்பதம் 13ஐத் தாண்டக்கூடாது. தேறினால் சான்று விதைக்கு நீல அட்டை. அதற்கு மேல்படியில் ஆதார விதைக்கு வெள்ளை, வல்லுநர் விதைக்கு மஞ்சள்.

இந்தச் சொற்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. நகையை அடகுவைத்து விதை வாங்குகிறவர் ஏமாந்துபோகக் கூடாது என்பதற்காக உண்டானவை அவை. 1966இல் விதைச் சட்டம் வந்த பிறகுதான், முளைக்காத விதையை விற்றவரை நிறுத்திக் கேட்க ஒரு பிடி கிடைத்தது. அந்தப் பிடி முளைப்புத்திறன் என்ற சொல்லும் அதன் பக்கத்தில் நிற்கும் எண்ணும்தான்.

ஆனால் அப்பாயியின் சொற்கள் வேறு வகை. கோடையில் விதைக்கோட்டை கட்டுவதற்கு முன் அவள் காய்ந்த நெல் ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். டக்கென்று ஒடிந்தால் வைக்கோல் பிரியைச் சுற்றிக் கோட்டையைக் கட்டலாம். சவுக்கென்று பல்லில் அமுங்கினால் இன்னும் ஒரு வெயில். பிற்காலத்தில் ஈரப்பதமானியில் 13 என்று முள் நிற்கும் நெல்லை ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துக் கடித்துப் பார்த்திருக்கிறேன். டக்கென்றுதான் ஒடிந்தது. அவளுடைய பல்லும் எங்கள் கருவியும் ஒரே இடத்தைத்தான் காட்டின. கருவி காட்டியதை நான் எழுதி வைத்தேன். பல் காட்டியதும் அவள் எழுந்து வேலையைப் பார்க்கப் போனாள்.

பயிரின் பருவங்களுக்கு ஊரில் இருந்த பேர் எல்லாமே இப்படி ஆளை எழுப்பிவிடும் பேர்தான். நட்ட பயிர் நாலைந்து நாள் வெளிறிக் கிடந்து பிறகு நிறம் திரும்பினால் பச்சை கட்டியாச்சு. உடனே போக்குவிட்ட இடத்தில் குத்துநடவு நட ஆள் போகும். தூர் வெடிக்குது என்றால் களைக்கு ஆள் சொல்ல வேண்டும். பால் பிடிக்குது என்றால் கதிர்நாவாய்ப்பூச்சி பாலை உறிஞ்ச வந்துவிடும், குருவி வந்துவிடும், பிள்ளைகள் தகர டப்பாவோடு வரப்புக்குப் போக வேண்டும். கதிர் சாய்ஞ்சிடுச்சு என்றால் மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். யாரும் யாரிடமும் செய் என்று சொல்லவில்லை. பருவத்தின் பேரைச் சொன்னால் போதும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தொண்டை. கண்ணாடி இலை வெளிவந்து, அதன் உறைக்குள் கதிர் புடைத்து நிற்கும் பருவம். தொண்டைக்கதிர் என்பார்கள். ஆங்கிலப் புத்தகத்தில் இந்தப் பருவத்தைக் காலணி வைத்துப் பேர் சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்குப் படித்தேன், மனசில் ஒட்டவில்லை. சொல்ல வந்தது வாய்வரை வந்து நிற்பதுபோல ஒரு பயிர் நிற்கிறது என்பதை எந்தக் காலத்து உழவரோ கண்டு வைத்த பேர் இது. அந்த நாட்களில் வயலில் தண்ணீர் வற்றக்கூடாது. வற்றினால் பாதிக் கதிர் தொண்டையிலேயே நின்றுவிடும். வெளியே வந்த பாதியும் சாவியாகப் போகும். நல்லவேளையாக வேளாண்துறைத் துண்டறிக்கைகளிலும் தொண்டைக்கதிர் ஏறிக்கொண்டது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்ற பாசனச் சொல்லும் அப்படித்தான் ஏறியது. ஊரார் சொல்லைப் பல்கலைக்கழகம் எடுத்து எழுதிய இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

நாற்றுப் பறிப்பும் நடவும் களையும் செய்தவர்கள் பெண்கள். பெரும்பாலும் தெற்கே சேரியிலிருந்து வந்தவர்கள். இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் நான் கேட்டது அவர்கள் வாயிலிருந்துதான். நாற்றுமுடி எவ்வளவு பருமன் இருக்க வேண்டும், எந்த நாற்று முற்றிப்போனது, எந்த வயலில் சேறு இறுகிவிட்டது என்பதெல்லாம் அவர்கள் சொன்ன பிறகே அப்பாவுக்குத் தெரியும். என் அம்மாவைவிட மூத்தவர்களைப் பள்ளிக்கூடம் போகும் நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. பழைய வயலை நினைக்கும்போது இதைத் தள்ளிவைத்துவிட்டு நினைக்க என்னால் ஆகாது.

கல்லூரியில் ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரித்துப் படித்தோம். வேலைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தொல்காப்பிய மரபியலைப் பார்த்தேன். வெளிப்புறம் வைரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் அங்கே பிரித்திருக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். தாவரவியலும் அவற்றைப் புல்லோடு ஒரே பக்கத்தில்தான் வைக்கிறது. எங்கள் வீட்டுக் கொட்டகைக்குப் பனங்கை வாங்கப் போனபோது அப்பா வெட்டுமுகத்தின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. “வைரம் ஓரத்துலதான் இருக்கும், உள்ள சோறு” என்றார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர்.

இளம்பயிருக்குத் தமிழில் எத்தனை பேர் என்று மொழியறிஞர் பாவாணர் தொகுத்துக் காட்டியிருக்கிறார். நெல்லுக்கு நாற்று, வாழைக்குக் கன்று, பனைக்கு வடலி, தென்னைக்குப் பிள்ளை. எங்கள் வீட்டில் தென்னம்பிள்ளை வைத்தால் குழியில் கொஞ்சம் உப்பும் சாம்பலும் போட்டு, பிள்ளைக்கு வெயில் தாங்காது என்று மட்டையை வெட்டி நிழல் கட்டுவார்கள். போன மாதம் நாற்றுப்பண்ணையில் நின்ற பையன் எல்லாவற்றையும் செடி என்றே விலை சொன்னான். தென்னைச் செடி இவ்வளவு, வாழைச் செடி இவ்வளவு. அவன் நல்ல பையன், கன்றுகளை நன்றாகத்தான் வைத்திருந்தான். எனக்குத்தான் பிள்ளை என்று கேட்காமல் வாங்கிவர முடியவில்லை.

ஒரு மழையைச் சொல்ல வேண்டும். 1960இல் நம் நாட்டில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் எடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. அதன் பின்னே ஆடுதுறை 27 வந்தது. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கலந்து பிறந்த ரகம். குறுவையில் அதுவரை காணாத விளைச்சல். கிராம சேவக் வீட்டுக்கு வந்து உப்புத்தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பதரை நீக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். அப்பாயி அதை அன்றைக்கே கற்றுக்கொண்டாள், கடைசிவரை விடவில்லை. ஆனால் புது நெல்லின் ஒரு குணம் யாருக்கும் பழகவில்லை. பழைய நெல்லை அறுத்தவுடன் விதைத்தால் முளைக்காது, கொஞ்ச நாள் கிடக்க வேண்டும். ஆடுதுறை 27க்கு அந்தக் கிடப்பு கிடையாது. ஐப்பசி அடைமழையில் அறுத்துப்போட்ட அரியிலும் அறுக்காத கதிரிலும் நெல் முளைத்துவிட்டது. நான் வரப்பில் நின்று பார்த்தேன். சாய்ந்த கதிரெல்லாம் பச்சை ஊசி ஊசியாக நின்றது. அழகாகக்கூட இருந்தது. அப்பா வயலுக்குள் இறங்காமல் வரப்பிலேயே குந்திவிட்டார்.

அந்த நெல்லை உலர்த்திக் குத்திச் சமைத்தோம். பாதி நொய். சோறு இனித்தது. அந்த இனிப்பின் காரணத்தைக் கோவையில் படித்தேன். விதை விழிக்கும்போது முளைக்கரு ஜிப்ரலினைச் சுரக்கும். அது சொல்லித்தான் அலுரோன் அடுக்கு அமைலேஸ் நொதியை இறக்கி மாவைச் சர்க்கரையாக்கும். உறக்கம் இல்லாத விதைக்கு ஈரம் ஒன்று போதும். அந்த வகுப்பில் விதையுறக்கம் என்ற பாடம் நடந்தபோது நான் எழுதிக்கொள்ளவே இல்லை. வாயில் அந்தச் சோற்றின் ருசி ஏறிவிட்டது.

ஜிப்ரலின் கண்டுபிடிக்கப்பட்டதே நெல் வயலில்தான். ஜப்பானில் சில நாற்று வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளர்ந்து, மணி பிடிக்காமல் சாகும். அங்கத்து உழவர்கள் அதைப் பக்கானே என்றார்கள். முட்டாள் நாற்று என்று பொருள். தைவானில் வேலை பார்த்த குரோசாவா 1926இல் அது ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளால் வருவது என்று காட்டினார். 1935இல் யபுதா அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பேர் வைத்தார். ஐ.ஆர். 8 ரக நெல்லின் குட்டைத்தன்மையும் தைவான் நெல் ஒன்றிலிருந்து வந்ததுதான். அதன் பேர் டீ-ஜியோ-வூ-ஜென். குட்டைக்கால், கறுத்த முனை என்று அதற்குப் பொருள். உலகம் முழுக்கப் பரவிய பசுமைக்குள் பெயர் தெரியாத ஓர் உழவரின் கண் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அதே காலத்தில் பேர்கள் எழுத்தும் எண்ணுமாக மாறின. அதற்கும் முன்பே, 1921இல், ஜி.இ.பி. 24 வந்துவிட்டது, அது ஓர் அதிகாரியின் பதவிப்பேரின் முதலெழுத்துகள். பிறகு ஐ.ஆர். 20, சி.ஆர். 1009. ஊர் அவற்றையும் தன் வாய்க்கு ஏற்ப மென்றது. ஐயாரிருபது, ஆயிரத்தொம்பது. ஆனால் அதற்கு முன் தூயமல்லி என்றால் பூவின் நிறம் கண்ணில் நிற்கும். காட்டுயானம் என்றால் யானை மறையும் உயரம். களர்சம்பா என்றால் எந்த மண்ணுக்கு என்று கேட்க வேண்டியதில்லை. அறுபதாங்குறுவை என்றால் நாள் கணக்கு பேரிலேயே உண்டு. விதையோடு சேர்த்து வழங்கிய குறிப்பேடு அந்தப் பேர்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாவுக்கு ஒருமுறை போனேன். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த வருஷம் நாலு கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. வரிசையாகக் கூடைகளில் நெல். கறுப்பு, செம்பட்டை, பொன், வைக்கோல் நிறம். ஒவ்வொன்றின் மேலும் பேர் எழுதிய அட்டை. சிறு பிள்ளைபோல உரக்கப் படித்துக்கொண்டே நடந்தேன். குடவாழை, பூங்கார், குள்ளக்கார், கருங்குறுவை. 2018 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். அந்தப் பேர்கள் இன்று நகரத்துக் கடைகளில்கூட இருக்கின்றன. மாப்பிள்ளைச் சம்பா அவல் என்று பொட்டலத்தில் அச்சடித்து விற்கிறார்கள். பேர்கள் திரும்பி வந்துவிட்டன. வினைகள் வரவில்லை. மூட்டம் போடுவது, பரம்படிப்பது, அண்டை வெட்டுவது, முடி வீசுவது, அரி கோதுவது, தலையடி அடிப்பது, தூற்றுவது, பொலி கட்டுவது. இவற்றைக் கூடையில் வைத்து அட்டை எழுத முடியாது. கை செய்தால்தான் வாய் சொல்லும்.

களம் நினைவுக்கு வருகிறது. தை மாதப் பனியில் கட்டு வந்து இறங்கும். கல்லில் தலையடி, பிறகு தாளைப் பரப்பி மாடுவிட்டு மிதி. காற்று எழும் நேரம் பார்த்து ஆள் உயரத்துக்கு முறத்தைத் தூக்கித் தூற்றுவார்கள். கனத்த மணி நேரே காலடியில் விழும். கருக்காய் அதற்கு அடுத்து. பதர் அதற்கும் அப்பால். சண்டு காற்றோடு போய் வேலியில் ஒட்டும். காற்றே நெல்லைத் தரம் பிரித்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் இருந்த ஊதுபிரிப்பான் கருவி செய்ததும் இதே வேலைதான். ஆனால் அதற்கு வாசனை இல்லை. அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்பார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். எல்லாம் அளந்து முடித்துக் கையில் நின்றதுதான் கண்டுமுதல். கண்ணால் கண்ட பிறகே அது முதல். அதே மரக்கால் கூலிக்கு அளக்கும்போது கோபுரமாகக் குவியாமல் விளிம்போடு தட்டி வழிக்கப்பட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் தலைவழிச்சல் என்று ஒரு பேர் எங்கள் பக்கத்தில் வழங்கியது. அந்தச் சொல் போனதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து அறுவடை இயந்திரங்கள் வருகின்றன. ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். நெல் நேராகத் தொட்டிக்குள் போய், அங்கிருந்து டிராக்டருக்கு, அங்கிருந்து கொள்முதல் நிலையத்துக்கு. முதுகு ஒடிந்த பெண்களின் வேலையை இரும்பு எடுத்துக்கொண்டது நல்லதுதான்; அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் மாய்ச்சர் என்கிறார்கள். ஈரப்பதம் 17க்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். ஆய்வகத்தில் நாலு சுவருக்குள் நான் புழங்கிய சொல் தார்ப்பாய் போட்ட தெருவில், மழை வருமோ என்று வானத்தைப் பார்க்கும் வாய்களில் புழங்குகிறது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நோட்டில் இந்தச் சொற்களை எழுதி வருகிறேன். அகராதியில் கிடைப்பதை எழுதுவதில்லை. யார் வாயில், எந்த வயலில் கேட்டேன் என்று நினைவிருப்பதை மட்டும். முதல் பக்கத்தில் மூட்டம் என்று எழுதி, அதன் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தேன்.

எங்கள் வயலில் நடவுக்கு முன்நின்ற அம்மா ஒருவர் இன்னும் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனோடு அங்கே இருக்கிறார். ஊர்க்காரர் ஒருவரிடம் பேரனின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொல்லி, அம்மா என்று அழைத்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “நல்லா இருக்கியளா தம்பி” என்றார். பின்னால் தையல் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

நான் கேட்டேன். மூட்டத்தில் கைவிட்டுப் பார்த்துவிட்டு எங்கள் அப்பாயி ஒரு சொல் சொல்வாளே, அதை நீங்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அது என்ன என்று.

“எந்த வெதைக்குக் கேக்குறிய? குறுவைக்கா, சம்பாவுக்கா? ஒண்ணுக்குச் சொல்றது ஒண்ணுக்குச் சொல்ல மாட்டமே.”

எனக்குத் தெரியவில்லை. சாக்கு நினைவிருக்கிறது, அம்மிக்குழவி நினைவிருக்கிறது, முழங்கை வரை ஒட்டிய நெல் நினைவிருக்கிறது. அது என்ன நெல் என்று நினைவில்லை.

“யோசிச்சுட்டுக் கூப்புடுங்க தம்பி. நா இங்கதான் இருப்பேன்” என்றார்.